சாவை ஏற்றுக்கொள்வது: நடைமுறையில் எங்கே ஆரம்பிப்பது?

பெரம்பூர் வாசகி:
என்றோ ஒருநாள் போகப்போகிறோம் என்பதை மனசார ஏற்றுக்கொண்டால் வாழ்க்கை சீராகும் என்கிறார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது, இரண்டு நாளில் பழைய ஓட்டம் திரும்பிவிடுகிறது. இதை எப்படிப் பழகுவது? எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்? வீட்டில் பேச்செடுத்தாலே "வாயைக் கழுவு" என்கிறார்கள், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஒற்றியூரான்:
வாரம் ஒருமுறை, காலையில், பத்து நிமிஷம் போதும் அம்மா. ராத்திரி படுக்கையில் வேண்டாம், தூக்கம் கெடும். சாவு நிச்சயம், நாள் நிச்சயமில்லை. அப்படியானால் இந்த வாரம் எதற்கு? இந்த வரிசையிலேயே யோசியுங்கள். பலரும் சறுக்குவது "எப்படிச் சாவேன்" என்ற கேள்வியில்தான். ஐசியூ, மூச்சுத்திணறல் என்று மனசில் படம் ஓடத் தொடங்கினால் பயம்தான் வளரும். "ஒரு வருஷம்தான் மிச்சம் என்றால் எதை விட்டுவிடுவேன்?" என்று கேளுங்கள். என்ன செய்வேன் என்று கேட்டால் காசி, ராமேஸ்வரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதை விடுவேன் என்று கேட்டால்தான் வருஷக்கணக்கில் பேசாமலிருக்கும் தம்பியும், பேருக்கு வைத்திருக்கும் சங்கப் பதவியும் கண்ணில் படும். அதில் ஒன்றை எழுதி அந்த வாரமே முடித்துவிடுங்கள். செயலில் முடியாத தியானம் இரண்டு நாளில் கரைந்துவிடும்.

இடம் உதவும் என்றால் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போய் உட்காருங்கள். ஆனால் யோசிக்க யோசிக்க வாழும் ஆசையே குறைகிறது என்றால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது வேறு விஷயம், அதற்கு மருத்துவ உதவி வேண்டும்.

வலிதணிப்புச் செவிலி:
எழுதி வைப்பதில் முதலிடம் லிவிங் வில்லுக்கு, அதாவது மீள வாய்ப்பில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரத்துக்கு. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது, அதனால் எழுதியவர்கள் குறைவு. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். உங்களால் பேச முடியாதபோது முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம்.

"கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், டாக்டர்களுக்கு அது உதவாது. மீள வாய்ப்பில்லாத நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய்வழி உணவு இவற்றில் எது வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும் என்பதையும் சேருங்கள். எழுதிவிட்டால் உடனே கருவியை எடுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடக்கும்.

இது வீணாவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். ஒன்று, அசலை பேங்க் லாக்கரில் பூட்டி வைப்பது. ராத்திரி எமர்ஜென்சியில் சேர்க்கும்போது அது யார் கைக்கும் வராது. இன்னொன்று, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மகள் சம்மதித்தாலும், விமானத்தில் வந்திறங்கும் மகன் "எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்பார். எல்லாரையும் ஒரே வீடியோ காலில் வைத்துப் படித்துக் காட்டிவிடுங்கள்.

பத்திர எழுத்தர்:
உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே செல்லும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் அவசியம். உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். "மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்ற வரி விடுபட்டால் பின்னால் வாங்கிய நகையும் டெபாசிட்டும் உயிலுக்கு வெளியே நின்றுவிடும். நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான்.

பெரம்பூர் வாசகி:
நன்றி. அம்மாவிடம் எதை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்?

வலிதணிப்புச் செவிலி:
கண் தானத்தில் தொடங்குங்கள். அது கொடுக்கிற பேச்சு என்பதால் முகம் சுளிக்க மாட்டார்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக் குழு வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்த வேண்டும் என்று சொல்லுங்கள். "அப்போ யாருக்குப் போன் பண்ணணும்?" என்று அவர்களே கேட்பார்கள். கண் வங்கி எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, அங்கிருந்து லிவிங் வில்லுக்குப் பேச்சை நகர்த்துங்கள்.