எண்ணெய் ஊறும் மண்ணில் பெட்ரோலுக்கு வரிசை ஏன்?

பெரம்பூர்க்காரன்:
நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்னை திரும்பியவன் நான். எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிக்கும் எரிவாயுவால் அங்கே இரவு வானம் சிவந்து கிடக்கும். விடிந்தால் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பேன். 1956இல் ஒலொய்பிரியில் எண்ணெய் கண்ட நாடு அது. அரசுக்கு நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும் பல ஆண்டுகள் பெட்ரோலை இறக்குமதி செய்தார்கள். நம் மணலியிலோ வெளிநாட்டுக் கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கிறோம். ஆள்பவர்கள் அடித்த கொள்ளைதான் காரணம்.

ராயபுரம் கயல்:
ஐயா, அவர்களுக்கு முன்னால் கொள்ளையடித்தவர்களை விட்டுவிட்டீர்களே! காங்கோவில் பெல்ஜியத்தின் லியோபோல்ட் மன்னரின் ஆட்கள் ரப்பருக்காக மக்களைக் கொன்று குவித்தார்கள். 1960இல் விடுதலை; 1961 ஜனவரியில் அதன் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார். பனிப்போர் முடியும்வரை அங்கே சர்வாதிகாரியாக இருந்த மொபுட்டுவைத் தாங்கிப் பிடித்தவை மேற்கு நாடுகள். உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் அங்கேதான் தோண்டுகிறார்கள். தோண்டுகிறவன் வீட்டில் உலை கொதிக்கிறதா?

பெரம்பூர்க்காரன்:
மறுக்கவில்லை அம்மா. ஆனால் போட்ஸ்வானாவும் பிரிட்டனின் பிடியில் இருந்ததுதானே? 1967இல் ஒராபாவில் வைரம் கிடைத்தது. முதல் குடியரசுத் தலைவர் செரட்சே காமா தன் இனக்குழுவின் பகுதி என்று பார்க்காமல் கனிம உரிமையை அரசுக்கே ஆக்கினார். சுரங்கத்தில் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கை, லாபம் எவ்வளவு என்று தெரிந்ததும் மறுபடி பேரம் பேசி 1975இல் பாதியாக்கினார்கள்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வரியை மறந்துவிட்டீர்கள். சொத்து வரி கட்டியவர் தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியைக் கேட்கிறார். எண்ணெய்ப் பணத்திலேயே கஜானா நிறைந்தால் அரசுக்கு மக்களின் தயவு வேண்டாம், கணக்கும் காட்டாது. நார்வே 1990இல் சட்டம் போட்டு எண்ணெய் வருமானத்துக்குத் தனி நிதியம் வைத்தது. இப்போது அந்த நிதியத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடு எடுப்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட வரம்பு.

ராயபுரம் கயல்:
நார்வேயில் எண்ணெய் கிடைத்தபோது பள்ளிக்கூடம், நீதிமன்றம், தொழிற்சங்கம் எல்லாம் வேரூன்றி இருந்தன. விடுதலை நாளில் காங்கோவின் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்! சரி, இனி என்ன வழி? சுரங்க ஒப்பந்தங்களை ஊரறிய வெளியிடட்டும். தாதுவை மண்ணாகவே கப்பலேற்றாமல் உருக்கி விற்கட்டும். இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தி, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவைத்தது.

பெரம்பூர்க்காரன்:
ஒப்பந்தம் வெளிவரவேண்டும் என்பதில் உங்கள் கட்சிதான் நான். உருக்காலைக்கு மட்டும் முதலில் மின்சாரம் வேண்டும். நான் குடியிருந்த தெருவில் மாலை ஆனால் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் இரையும். அதற்கும் அந்த மஞ்சள் கேன் பெட்ரோல்தான்.