21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 1.2: முட்டை வெடிக்கவே இல்லையா?

கேள்வி (மதுரை மருமகள்):
கல்யாணமாகி இரண்டு வருடம். பெரியவளான காலத்திலிருந்தே எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வரும். போன மாதம் டாக்டர் '21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்' என்று எழுதித் தந்தார், பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 21ஆம் நாள் பார்க்கிற ஹார்மோன் ரத்த டெஸ்ட். காலண்டரில் வட்டம் போட்டு, சரியாக அன்றைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் 1.2 நானோகிராம். தாளை நீட்டிய லேப் பெண், "முட்டை வெடிக்கலை போலக்கா" என்றாள். அன்றிலிருந்து மாமியார் தினமும் எள்ளுருண்டை பிடித்துக் கொடுக்கிறார். டாக்டரைப் பார்க்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது. 36ஆம் நாள் பீரியட்ஸ் வந்துவிட்டது. நிஜமாகவே வெடிக்கவில்லையா?

பதில் (ரிட்டயர்டு நர்ஸ்):
அழாதேம்மா. அந்த 21 எப்படி வந்தது என்று முதலில் பார். 28 நாள் கணக்கு உள்ளவர்களுக்கு அதில் 7 கழித்தால் 21. உனக்கு 35இல் 7 போனால் 28 அல்லவா?

நாள் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் முதல் பாதியில்தான். அப்போது எஃப்எஸ்ஹெச் என்கிற ஹார்மோன் முட்டைப் பையை வளர்க்கும், அந்தப் பை ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து கர்ப்பப்பை உள்சுவரைத் தடிக்க வைக்கும். சிலருக்கு இதற்கு 14 நாள் போதும், உனக்கு மூன்று வாரம். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் முட்டையை வெடிக்க வைக்கும் எல்ஹெச் ஹார்மோன் குபீரென்று ஏறும், அப்புறம் சுமார் ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கும். வெடித்த பை மஞ்சளாக மாறி, அதிலிருந்துதான் புரோஜெஸ்டிரோன் வரும். கரு தங்காவிட்டால் அது ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும், பீரியட்ஸ் வரும்.

36இலிருந்து 14ஐப் பின்னால் எண்ணிப் பார். நீ ரத்தம் கொடுத்த நாளில் முட்டை வெடித்ததா, வெடிக்கப் போகிறதா என்கிற நிலை. கடை திறக்கும் முன்னே போய் வியாபாரம் எவ்வளவு என்று கேட்ட கதைதான். அந்த 1.2ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெடித்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 3க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று: பீரியட்ஸ் வந்ததாலேயே வெடித்தது என்றும் அர்த்தமில்லை, வெடிக்காமலும் ரத்தப்போக்கு வரும். அதனால் டெஸ்டை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

பதில் (தெர்மாமீட்டர் அக்கா):
எனக்கு 33 நாள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் வெப்பம் பார்த்து நோட்டில் எழுதுவேன். வெடித்த பிறகு 97.4, 98ஆக ஏறி அப்படியே நிற்கும். புரோஜெஸ்டிரோன் செய்கிற வேலை. ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் இது சொல்லும், நைட் ஷிஃப்ட் வாரத்தில் கணக்கே குழம்பிவிடும். சிறுநீரில் எல்ஹெச் ஏறுவதைக் காட்டும் ஸ்ட்ரிப் வாங்கினால் 11ஆம் நாளே ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஒரு பெட்டியைத் தீர்த்தேன். உங்களுக்கு 17இலிருந்து பார்த்தால் போதும்.

மதுரை மருமகள்:
இன்று டாக்டரிடம் போனேன். "35 நாள்னு ஏம்மா முதல்லயே சொல்லலை?" என்றார். சொன்ன ஞாபகம் எனக்கு நன்றாகவே இருக்கிறது, சரி, விடுங்கள். இந்த முறை 28ஆம் நாள் என்று மாற்றி எழுதியிருக்கிறார். மாமியாரிடம் விளக்கினேன், தலையாட்டிவிட்டு எள் வறுக்கப் போய்விட்டார்.