வண்டியே வராத சரளைப் பாதையா? அந்த மூன்றாவது படத்தைப் பாருங்கள்

வெள்ளைச்சாலை:
போன வாரம் க்ரூஸ்வாசி இங்கே ஒரு பயணப் பதிவு போட்டிருந்தார். பிரான்ஸின் க்ரூஸ் மாவட்டத்தில் ஓபுஸோன் ஊரில் கிளம்பி, மில்வாஷ் பீடபூமியைச் சைக்கிளில் சுற்றி வந்தாராம். 3 நாள், 190 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளைப் பாதை, "வழியில் ஒரு வண்டிகூட இல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் போட்ட மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதை நடுவில் புல், இரு பக்கமும் இரண்டு சாண் அகலத்துக்குத் தடம், ஈர மண்ணில் அம்பு அம்பாகப் பதிந்த டயர் அச்சு. அது சைக்கிள் போன தடமா? டிராக்டர் ஓடும் பாதையைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, வண்டியே இல்லை என்று எப்படி எழுத முடிகிறது?

க்ரூஸ்வாசி:
நான் போன நேரத்தில் வரவில்லை, அதைத்தான் எழுதினேன். க்ரூஸ் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 21 பேர். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். 9 வருடமாக இங்கே இருக்கிறேன், எந்தப் பாதையில் எது வரும் என்று எனக்குத் தெரியும். டிராக்டரையெல்லாம் போக்குவரத்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. விவசாயி தன் வயலுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

வெள்ளைச்சாலை:
டிராக்டருக்கு நம்பர் பலகை இருக்கிறது. காப்பீடு கட்டாயம். எஞ்சின் இருக்கிறது, நான்கு சக்கரம் இருக்கிறது. இதற்கு மேல் ஒன்று வண்டி ஆக என்ன வேண்டும்? "ஒரு வண்டிகூட இல்லை" என்பது உங்கள் சொல். மூன்றாவது படம் உங்கள் படம்.

கிளுனிப் பாதை:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பிரான்ஸில் இதற்குத் தெளிவான பெயர்கள் இருக்கின்றன. "வுவா வெர்த்" என்றால் பசுமைப் பாதை. 2004 முதல் சாலைச் சட்டத்திலேயே விளக்கம் உண்டு: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள் மட்டும். கிவ்ரியிலிருந்து கிளுனி வரை பழைய ரயில் தடத்தில் 1997-ல் திறந்தார்களே, அதுதான் முதலாவது. "ஷ்மான் ரூரால்" என்பது வேறு. ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப் பாதை, எல்லோருக்கும் பொது. மேயர் தடை போட்டிருந்தால் ஒழிய மோட்டார் வண்டியும் போகலாம். படத்தில் இருப்பது இரண்டாவது வகை. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் சண்டையே வராது.

வெள்ளைச்சாலை:
சட்டம் இருக்கட்டும் ஐயா. டிராக்டர் வண்டியா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரட்டும்.

க்ரூஸ்வாசி:
கிளுனிப் பாதைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிவ்ரி - கிளுனி முழுக்கத் தார் போட்ட வழவழப்பு. ஞாயிறு மதியம் அங்கே குழந்தை வண்டியும் ஸ்கேட்டிங் கூட்டமும் நாய்களும். அதைச் சரளைப் பயணம் என்று இங்கே கொண்டு வராதீர்கள்.

நாற்பது மில்லி:
அந்த அச்சு ஒருவேளை பழையதாக இருக்கும். மழை பெய்து காய்ந்தால் ஒரு மாதம்கூட அப்படியே நிற்கும். என் கவலை வேறு. அந்தத் தடத்தில் 40 மில்லிமீட்டர் அகல டயர் போதுமா? மில்வாஷில் கிரானைட் கல் கூர்மையாகக் கிடக்கும்.

வெள்ளைச்சாலை:
பழைய அச்சோ புது அச்சோ, டிராக்டர் போயிருக்கிறது. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பாரிஸ் ரெண்டு சக்கரம்:
அண்ணைமாரே, இந்தச் சரளை என்ற சொல்லை விடுங்கோ. எங்கட ஊரில் கிறவல் றோட்டு என்றுதான் சின்ன வயதிலிருந்தே சொல்லுறம். உலகமே இப்ப அதே பெயரில்தான் சைக்கிள் விக்குது.

நாற்பது மில்லி:
அண்ணே, கிறவல் ஆங்கிலச் சொல். தமிழ் தெரிந்துகொண்டே ஏன் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும்? எங்கள் பக்கம் கப்பி ரோடு என்போம்.

பாரிஸ் ரெண்டு சக்கரம்:
கப்பி என்றால் உடைச்ச கல். கிறவல் மண்ணோட சேர்ந்தது. ரெண்டும் ஒண்டில்லை. ரோடு மட்டும் தமிழோ?

வெள்ளைச்சாலை:
பெயர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜூனில், இதே மாதிரி "வண்டியே வராது" என்று ஒருவர் எழுதியதை நம்பி, என் மகளைக் கூட்டிக்கொண்டு அதே மாவட்டத்தில் ஃபெல்தான் ஊருக்குத் தெற்கே காட்டுப் பாதையில் போனேன். அவளுக்கு 11 வயது. இரண்டு பக்கமும் டக்ளஸ் என்ற ஊசியிலை மரம், வளைவில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு மரம் ஏற்றிய லாரி. 40 டன்னுக்குக் குறையாது. அவள் சைக்கிளோடு பெரணிப் புதருக்குள் விழுந்தாள். லாரி போன பின்னும் பாதையெல்லாம் மரப்பட்டைத் துண்டுகள் கிடந்தன, பிசின் வாசனை போகவில்லை. அவள் விரல்களை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு சைக்கிளில் வரவில்லை. "ஒரு வண்டிகூட இல்லை" என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

கிளுனிப் பாதை:
வருத்தமாக இருக்கிறது. குழந்தையோடு போவதென்றால் கால்வாய்க் கரைதான் என் தேர்வு. நான்த் - பிரெஸ்ட் கால்வாய் 364 கிலோமீட்டர். கரையில் பெரும்பகுதி இறுகிய மணல் பாதை, மதகுக்கு மதகு காவலர் வீடு, பெரும்பாலும் ஏற்றம் கிடையாது.

க்ரூஸ்வாசி:
குழந்தைக்கு நேர்ந்ததற்கு நானும் வருந்துகிறேன். ஆனால் நீங்கள் போனது வார நாள். மரம் வெட்டும் காட்டுக்குள் வார நாளில் போனால் லாரி வரத்தான் செய்யும். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குச் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை பொதுவாகத் தடை. ஞாயிறு போயிருந்தால் எதிரே ஆளே வந்திருக்காது.

வெள்ளைச்சாலை:
இப்போது ஞாயிறு மட்டும் என்கிறீர்கள். உங்கள் பதிவில் 3 நாள் என்று இருக்கிறது. மற்ற இரண்டு நாள் எந்தக் கிழமை?

நாற்பது மில்லி:
ஞாயிறு என்றால் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைக்காரர்கள். பாதை ஓரத்தில் பலகை வைத்துவிட்டு, வரிசையாக வெள்ளை வேன்களை நிறுத்தியிருப்பார்கள். அதுவும் வண்டிதானே?

க்ரூஸ்வாசி:
வேன் நின்றுகொண்டிருக்கிறது. நிற்கிற வேன் போக்குவரத்தா?

வெள்ளைச்சாலை:
நின்ற வேன் அங்கே பறந்தா வந்தது? டிராக்டர் இல்லை, லாரி இல்லை, வேன் இல்லை. கடைசியில் உங்கள் ஊரில் எதுதான் வண்டி? தபால்காரரின் மஞ்சள் வண்டி? பால் எடுக்க வருகிற டாங்கர்?

க்ரூஸ்வாசி:
தபால் வண்டி சரளைப் பாதையில் வருவதில்லை, பண்ணை வாசலோடு திரும்பிவிடும். நான் இந்த ஊர்க்காரன் என்பதை மறந்து பேசாதீர்கள். கோடையில் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நாள் முழுவதும் ஒரு மனிதக் குரலும் கேட்காமல் ஓட்டியிருக்கிறேன். ஜான்ட்யூ ஊரில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் அநாதைச் சிறுவன் சிலை இருக்கிறதே, போரைச் சபிக்கும் அந்த நினைவுச்சின்னம், அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் கடக்கவில்லை. இது நான் கண்ணால் கண்டது. பெருநகரத்திலிருந்து ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு இது புரியாது. 2 வருடத்துக்கு முன் மோர்வான் மலைப்பகுதியில் என் டியூப் வெடித்தபோது காத்திருக்காமல் போனவர்தானே நீங்கள்?

வெள்ளைச்சாலை:
அதை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கு எனக்குக் கடைசி ரயில். மாற்று டியூபைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

க்ரூஸ்வாசி:
கொடுத்தது சாலை சைக்கிள் டியூப். 28 மில்லிமீட்டர்.

நாற்பது மில்லி:
28-ஐ 40-க்குள் போட்டு மெதுவாக ஊர் சேரலாம். நான் செய்திருக்கிறேன்.

க்ரூஸ்வாசி:
மழையில் 17 கிலோமீட்டர் நடந்தவன் நான்.

பாரிஸ் ரெண்டு சக்கரம்:
நானும் அண்டைக்கு வந்தனான். மழை பிறகுதான் பெய்தது.

க்ரூஸ்வாசி:
உங்களுக்கு ஞாபகம் தப்பு. காலையிலேயே தூறல் தொடங்கிவிட்டது.

வெள்ளைச்சாலை:
மழை எப்போது பெய்தால் என்ன? மூன்றாவது படத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதிவில் அந்த வரியைத் திருத்துங்கள். "டிராக்டர் வரும், வார நாளில் மர லாரி வரும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்.

க்ரூஸ்வாசி:
திருத்த மாட்டேன். நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது.

வெள்ளைச்சாலை:
பார்த்திருக்கிறீர்கள். படமே எடுத்திருக்கிறீர்கள். அந்த அச்சின் அகலத்தை அளந்து நாளைக்கு இங்கே போடுகிறேன்.