ஜெல், ட்ரிப், தியேட்டர்: பிரசவ வார்டில் பார்ப்பது

பொதுச்சுகாதாரம்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. அதற்கு முந்தைய சுற்றில் மொத்தமே 34.1தான். இந்திய சராசரி 21.5. இந்த எண்ணைக் காட்டி டாக்டர்களைத் திட்டுவதும், "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பில்லை" என்று பெண்களைத் திட்டுவதும் நிறைய நடந்துவிட்டது. வார்டில் நிற்கிறவர்கள் எழுதுங்கள்: சுகப்பிரசவமாக முடிந்திருக்கக்கூடிய கேஸ் எந்த இடத்தில் தியேட்டர் பக்கம் திரும்புகிறது? சொந்தப் பிரசவக் கதைக்கு இந்த மன்றத்தில் வேறு திரி இருக்கிறது. இங்கே வேலையில் பார்ப்பது மட்டும் போதும்.

லேபர்வார்டு சிஸ்டர்

அட்மிஷனிலேயே திரும்பிவிடுகிறது.

தலைப்பிரசவக்காரி லேசான இடுப்பு வலியோடு வருவார். பரிசோதித்தால் கர்ப்பப்பை வாய் ஒரு விரல், ரெண்டு விரல் திறந்திருக்கும். அதாவது 2, 3 செ.மீ. தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் 20 மணி நேரம் வரை நீளலாம், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. வேகமாகத் திறக்கும் கட்டம் 5 செ.மீ.யில் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018லேயே சொல்லிவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014ல் 6 செ.மீ. என்றது. "மணிக்கு ஒரு செ.மீ. திறக்கணும்" என்பது 1950களில் ஃப்ரீட்மன் வரைந்த வளைகோட்டிலிருந்து வந்த கணக்கு. நல்லபடியாகப் பெறுகிற பல பெண்களுக்கு அது பொருந்துவதே இல்லை.

ஆனால் 2 செ.மீ.யில் கட்டிலில் படுக்க வைத்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். நாலு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள், அதே ரெண்டு விரல். "முன்னேற்றம் இல்லை" என்று எழுதி வலியைக் கூட்டும் ட்ரிப் போடுகிறார்கள். சாயங்காலம் வார்டு வாசலில் நிற்கும் மாமியாரிடம் "வாய் திறக்கலைம்மா, குழந்தைக்கு ஆபத்து" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு உண்மையான பிரசவ வலியே தொடங்கியிருக்காது. பனிக்குடம் உடையாமல், ரத்தப்போக்கு இல்லாமல், குழந்தை அசைவு நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு நடக்கச் சொல்லலாம். வீடு பக்கத்தில் இருந்தால் அனுப்பிக்கூட வைக்கலாம். 40 கி.மீ. தள்ளி ஊர் என்றால் அனுப்ப மனசு வராது, அதுவும் நியாயம்தான். வார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், லேபர் டேபிளில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது ட்ரிப். 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்டில் 5 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்தால் ஒரு மி.லி.க்கு 10 மில்லியூனிட். 20 சொட்டுக்கு ஒரு மி.லி. விழும் செட்டில் நிமிஷத்துக்கு 4 சொட்டு என்றால் 2 மில்லியூனிட். அங்கே ஆரம்பித்து 30 நிமிஷத்துக்கு ஒருமுறை 4, 4 சொட்டாக ஏற்ற வேண்டும். பத்து நிமிஷத்தில் 3, 4 வலி, ஒவ்வொன்றும் 40 செகண்டுக்கு மேல் நின்றால் அதோடு ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். எங்கே கெடுகிறது? பம்ப் கிடையாது, ரெகுலேட்டர் சக்கரம்தான். கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும். வலி வந்து அவர் புரண்டு படுத்தால் 8 சொட்டு 30 ஆகியிருக்கும். ஒரு சிஸ்டருக்கு அஞ்சு டேபிள் என்றால் யார் எண்ணுவது? பத்து நிமிஷத்தில் அஞ்சுக்கு மேல் வலி வந்தால் இரண்டு வலிக்கு நடுவில் குழந்தைக்கு ரத்தம் போக நேரம் இருக்காது, இதயத் துடிப்பு இறங்கும். அந்த நேரத்தில் தேவை ட்ரிப்பை நிறுத்துவது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. ஆக்ஸிடோசின் சில நிமிஷத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், பெரும்பாலும் துடிப்பு திரும்பிவிடும். பதினைந்து நிமிஷம் பொறுக்காமல் தியேட்டருக்குத் தள்ளினால் சீட்டில் "குழந்தைக்கு மூச்சுத்திணறல்" என்றுதான் இருக்கும். ட்ரிப் ஓடிய வேகம் எந்தச் சீட்டிலும் இருக்காது.

தெற்குச்சீமை (மகப்பேறு)

சிஸ்டர் சொன்னதில் ட்ரிப் விஷயம் நூற்றுக்கு நூறு. வலி வரவைக்கக் கர்ப்பப்பை வாயில் வைக்கும் ஜெல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெல் வைப்பதற்கு முன், வாய் வலிக்குத் தயாரா என்று பார்க்கும் பிஷப் ஸ்கோர் போட வேண்டும்: வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, அதன் நீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிறதா கெட்டியா, முன்னே பார்க்கிறதா பின்னே பார்க்கிறதா, தலை எங்கே நிற்கிறது. மொத்தம் 13. எட்டு அதற்கு மேல் என்றால் தானாக வலி வந்த மாதிரியே போகும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். டைனோப்ரோஸ்டோன் ஜெல் 0.5 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. கடைசி ஜெல்லுக்கும் ட்ரிப்புக்கும் நடுவிலும் அதே ஆறு மணி நேரம். இந்த இடைவெளியைத்தான் முதலில் குறைக்கிறார்கள். ஜெல்லின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ட்ரிப்பும் ஏறினால் வலி ஒன்றன்மேல் ஒன்று வரும். ட்ரிப்பை நிறுத்தலாம், உள்ளே போன ஜெல்லை எடுக்க முடியாது.

அதே வேலைக்கான மாத்திரை மிசோப்ரோஸ்டால் 25 மைக்ரோகிராம், விழுங்கக் கொடுத்தால் 2 மணி நேரத்துக்கு ஒன்று. 200 மைக்ரோகிராம் மாத்திரையை பிளேடால் எட்டாக வெட்டுவது ரொம்ப மோசமான பழக்கம். ஒரு துண்டு 15 இருக்கும், இன்னொன்று 40 இருக்கும். 25 மாத்திரையாகவே கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். ஃபோலி குழாயைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு, அதன் பலூனில் 30 முதல் 60 மி.லி. நீர் ஏற்றி வைப்பது மலிவு, வலியும் அளவு மீறாது. என்ன காரணமோ, அதைத்தான் குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

"ஜெல் ஃபெயிலியர்" என்று எழுதி வரும் ரெஃபரல் சீட்டுகளில் முக்கால்வாசியில் பனிக்குடமே உடைக்கப்பட்டிருக்காது. குடம் உடைந்து, ஆக்ஸிடோசின் 12 முதல் 18 மணி நேரம் ஓடியும் வேகமான கட்டத்துக்குள் போகவில்லை என்றால்தான் அதற்குத் தோல்வி என்று பெயர். ஒரு ஜெல், ஒரு ராத்திரி, காலையில் சிசேரியன் என்பது தோல்வி ஆகாது. பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தத் திரியோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. வலி வரவைப்பதே தப்பு என்று யாராவது எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. 41 வாரத்தில் வலி வரவைப்பதா, 42 வரை காத்திருப்பதா என்று ஸ்வீடனில் 2,760 பெண்களிடம் பார்த்தார்கள். காத்திருந்த குழுவில் 6 குழந்தைகள் இறந்தன, மற்றக் குழுவில் ஒன்றும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2018ல் வெளிவந்த அமெரிக்காவின் 'அரைவ்' ஆய்வில், ஆபத்து ஏதும் இல்லாத தலைப்பிரசவங்களில் 39 வாரத்திலேயே வலி வரவைத்தவர்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. வலி வரவைத்தால் சிசேரியன் கூடும் என்ற பழைய நம்பிக்கைக்கு எதிர்மாறு. அங்கே பொறுமையாக நேரம் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு அந்த முடிவை மட்டும் இங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பிரச்சினை அதுதான். பிரஷர், கட்டுப்படாத சர்க்கரை, குடம் உடைந்து வலி வராதது, வளர்ச்சி நின்ற குழந்தை, இதற்கெல்லாம் ஜெல் வைக்காமல் இருந்தால்தான் குற்றம்.

நாகைக் கரை (கிராம சுகாதார செவிலியர்)

"நாள் தாண்டிடுச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு நாள் தாண்டியிருக்காது. கடைசி மாதவிடாய்த் தேதியைத் தோராயமாகச் சொல்லியிருப்பார்கள், "பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்கிற மாதிரி. மாதவிடாய் 40 நாளைக்கு ஒருமுறை வருகிறவருக்கு 28 நாள் கணக்கு போட்டால் அங்கேயே 12 நாள் பிசகு. 9 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனும் தேதியும் 7 நாளுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்கேன் தேதியைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மருத்துவமனை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் புதுத் தேதி போட்டுக் கொடுக்கிறது! எட்டாம் மாத ஸ்கேன் தேதியை வைத்து நாளை மாற்றவே கூடாது, அதில் மூன்று வாரம் வரை பிசகும். அட்டையில் முதல் ஸ்கேன் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள். ஜெல் வைக்கலாமா என்று கேட்கும்போது அந்த வட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மயக்கவியல்

தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரியும்.

சின்ன நர்சிங் ஹோமில் மகப்பேறு மருத்துவர் ஒருவர்தான். மயக்க மருந்து கொடுக்கிறவரும் குழந்தை மருத்துவரும் வெளியிலிருந்து வர வேண்டும். மத்தியானம் ஏற்கெனவே ஒரு சிசேரியன் இருக்கிறது, பக்கத்து அறையில் 4 செ.மீ.யில் ஒருவர். ராத்திரி இரண்டு மணிக்குத் துடிப்பு இறங்கினால் மயக்க மருத்துவர் கிடைப்பாரா? அவசரம் என்று முடிவெடுத்து 30 நிமிஷத்துக்குள் குழந்தையை எடுக்க முடியாது என்று தெரிந்தவர், "இருக்கிறப்பவே முடிச்சிடலாம்" என்கிறார். பணத்தாசை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதுவும் உண்டு. பயமும் உண்டு. அரசின் அவசரப் பிரசவ மையமான சீமாங்கில் 24 மணி நேரமும் ஆள் இருப்பதால் அங்கே காத்திருக்க முடிகிறது. அரசுக்கும் தனியாருக்கும் உள்ள அந்த இடைவெளியில் ஒரு பங்கு இதுதான்.

நாள் பார்த்து வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்சத்திரம் குறித்துக்கொண்டு வந்து 37, 38 வாரத்தில் எடுக்கச் சொல்வார்கள். வலி வராமலே 39 வாரத்துக்கு முன் எடுத்தால் நுரையீரலில் நீர் தங்கி மூச்சு வாங்கும் குழந்தைகள் கூடும். மறு சிசேரியன்களில் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில் (2009) குழந்தைக்குச் சிக்கல் 37 வாரத்தில் 15.3 சதவீதம், 38ல் 11, 39ல் 8. நாள் பார்த்தே தீர வேண்டும் என்றால் 39 முடிந்த பிறகு வரும் முகூர்த்தத்தைக் கேளுங்கள் என்று ஜோசியரிடமே அனுப்பலாம், அவரும் குறித்துக் கொடுப்பார்.

வலி தாங்காமல் "ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று கத்துகிறவர்களுக்கு எபிடியூரல் என்று முதுகில் கொடுக்கும் வலி மரப்பு ஊசி ஒன்று இருக்கிறது. அது சிசேரியனைக் கூட்டுவதில்லை. நம் ஊரில் அது கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். வலிக்கு ஒன்றும் கொடுக்காமல் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டு "பேஷண்ட் ரிக்வெஸ்ட்" என்று எழுதுவது என்ன நியாயம்?

பொதுச்சுகாதாரம்

@தெற்குச்சீமை, கொடி சுற்றியது, தண்ணி குறைவு, குழந்தை பெரிது. இந்த மூன்றும்தான் உறவினர் வாயில் அதிகம் வருகிற காரணங்கள். எவ்வளவு உண்மை?

தெற்குச்சீமை (மகப்பேறு)

கொடி: நாலு குழந்தையில் ஒன்றுக்குக் கழுத்தில் சுற்றியிருக்கும். தலை வந்ததும் விரலால் தளர்த்தி எடுத்துவிடுவோம். ஸ்கேனில் கொடி தெரிந்தது என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணமே இல்லை.

தண்ணி: எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். கர்ப்பப்பையின் நாலு மூலையிலும் உள்ள பனிக்குட நீரின் ஆழத்தைக் கூட்டி, 5 செ.மீ.க்குக் கீழே போனால் குறைவு என்று வைத்தால் குறைவு என்று வருகிறவர்கள் எண்ணிக்கை கூடும், ஜெல்லும் கூடும், குழந்தைகளுக்கு அதனால் லாபம் இல்லை. நீர் தேங்கிய ஆழமான ஒரே இடம் 2 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது போதும். உண்மையிலேயே குறைவு, 37 வாரம் முடிந்தது என்றால்கூட முதல் வழி வலி வரவைப்பதுதான்.

பெரிய குழந்தை: ஸ்கேன் எடை இரண்டு பக்கமும் 10, 15 சதவீதம் தவறலாம். 3.6 கிலோ என்று பயமுறுத்தி எடுத்த குழந்தை தராசில் 3.1 இருக்கும். சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோ, இல்லாதவர்க்கு 5 கிலோ என்று மதிப்பிட்டால்தான் முன்கூட்டியே சிசேரியன் பற்றிப் பேசச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டி. நம் பெண்களின் உயரத்துக்கு அதை அப்படியே வைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 3.5 ஒரு காரணம் இல்லை.

எண்ணைப் பற்றி முதலில் கேட்டீர்களே, மொத்த சதவீதத்தை வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடாதீர்கள். அதே கணக்கெடுப்பில் பீகாரின் மொத்தம் 9.7, அதை நல்ல எண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேவைப்பட்டவர்களுக்கே கிடைக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. பிரசவத்துக்கு வருகிறவர்களை ராப்சன் முறையில் பத்துக் குழுவாகப் பிரித்துப் பாருங்கள். முதல் குழு: தலைப்பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, நாள் நிறைந்தது, தானாக வந்த வலி. இரண்டாவது: அதே பெண், ஆனால் ஜெல் வைத்தது அல்லது வலிக்கு முன்பே எடுத்தது. ஐந்தாவது: ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள். ஒன்றிலும் இரண்டிலும் நடக்கும் ஒவ்வொரு சிசேரியனும் இரண்டு வருஷம் கழித்து ஐந்தில் வந்து நிற்கும், அங்கே வடிகாலே கிடையாது. முதல் சிசேரியன்தான் முக்கியம் என்று தலையில் அடித்துக்கொள்வது அதனால்தான். நஞ்சுக்கொடி கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால், அது தழும்புக்குள் வேர்விடும் வாய்ப்பு முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. அந்தத் தியேட்டரில் நின்றவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை.

லேபர்வார்டு சிஸ்டர்

குழந்தையின் துடிப்பையும் வலியையும் காகிதத்தில் வரையும் சி.டி.ஜி. கருவி பற்றி ஒரு வார்த்தை. மல்லாக்கப் படுக்க வைத்து பெல்ட்டைக் கட்டினால் கர்ப்பப்பை ரத்தக்குழாயை அமுக்கும், துடிப்பு தானாக இறங்கும். முதலில் ஒருக்களிக்க வைத்துவிட்டு அப்புறம் காகிதத்தைப் பாருங்கள். காகித வேகம் நிமிஷத்துக்கு 1 செ.மீ.யா 3 செ.மீ.யா என்றும் பாருங்கள், 3ல் ஓடினால் நல்ல கோடும் ஆபத்து மாதிரி தட்டையாகத் தெரியும். குழந்தை 40 நிமிஷம் வரை தூங்கும், அப்போதும் தட்டைதான். ஆபத்து இல்லாதவருக்கு, முக்கும் கட்டம் வரும்வரை, அரை மணிக்குள் ஒருமுறை, ஒரு முழு நிமிஷம், வலியின்போதும் வலி ஓய்ந்த உடனேயும் டாப்ளர் கைக்கருவியில் துடிப்பைக் கேட்பது போதும்.

தஞ்சைப் பெண் (புதிய உறுப்பினர்)

முதல் சிசேரியன் முடிந்தவர்கள் அடுத்ததற்கு சுகப்பிரசவம் கேட்க வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன இருக்க வேண்டும்?

தெற்குச்சீமை (மகப்பேறு)

கர்ப்பப்பையில் வெட்டு எப்படி: கீழ்ப்பகுதியில் குறுக்கா, மேலே நெடுக்கா. வெளித்தோல் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. எடுக்கும்போது வாய் எத்தனை செ.மீ., தலை எந்த நிலையில் இருந்தது. உண்மையான காரணம். வெட்டு பக்கவாட்டில் கிழிந்ததா. பிறகு காய்ச்சல், சீழ் இருந்ததா. குழந்தை எடை. கீழ்க்குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்து, அடுத்த கர்ப்பத்துக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தால் முயற்சி செய்கிறவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு சுகப்பிரசவம் ஆகும். கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து சுமார் 200ல் ஒன்று. அதனால் ராத்திரியும் தியேட்டர் ஓடும் இடத்தில் மட்டும் முயலுங்கள். மிசோப்ரோஸ்டால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்க விடாதீர்கள். சம்மரி கையில் இல்லையா? அறுவை நடந்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஐந்தாம் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள், வலி வந்த பிறகு யாரும் தேடித் தர மாட்டார்கள்.