டெபியன் 12இல் பைத்தான் 2 இல்லை: பழைய நிரல்களை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். நான் பராமரிக்கும் வழங்கியில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. பெயர்ப்பட்டியல்களை வரிசைப்படுத்தி அறிக்கை உருவாக்கும் நாற்பது நிரல்கள் அதில் உள்ளன. அனைத்தும் பைத்தான் நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுதப்பட்டவை, எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். டெபியன் 12இல் பைத்தான் 2 நீக்கப்பட்டுவிட்டது என்று படித்துவிட்டு, அச்சத்தோடுதான் ஒரு சோதனைக் கணினியை மேம்படுத்தினேன். ஆனால் நிரல்கள் முன்போலவே ஓடுகின்றன. அப்படியானால் நீக்கினார்கள் என்பதன் பொருள் என்ன? ஓடுவதை அப்படியே விட்டுவைத்தால் என்ன கெடுதல்?

மறுமொழி 1:
நீக்கப்பட்டது டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்துதான், உங்கள் வட்டிலிருந்து அன்று. புதிய பதிப்பில் இடமில்லாத பொதிகளை மேம்படுத்தல் தானாக அழித்துவிடுவதில்லை. அவை கேட்பாரற்றுக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுவதால், பிழைச்செய்தியோடு நின்றுபோவதைவிட இதுவே ஆபத்தான நிலை என்று நான் கருதுகிறேன். பைத்தான் 2.7இன் இறுதி வெளியீடான 2.7.18, 2020 ஏப்ரலில் வந்தது. அதன்பின் அதை உருவாக்கியவர்களிடமிருந்து எந்தத் திருத்தமும் இல்லை. அதோடு, டெபியன் 12, மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்புக்கு மாறிவிட்ட பிறகும், உங்கள் 2.7 பழைய 1.1 நூலகத்தைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. அதற்கும் டெபியன் 12 வழியாகத் திருத்தம் வராது.

இதில் அவசரம் காட்டினார்கள் என்றும் சொல்ல இயலாது. 2015இல் முடிந்திருக்க வேண்டிய பைத்தான் 2.7இன் ஆதரவு, மாறுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகவே 2020 வரை நீட்டிக்கப்பட்டது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாற்பது நிரல்களை ஒரே வாரத்தில் பைத்தான் 3க்கு மாற்ற முயல வேண்டாம். வலையோடு தொடர்பில்லாதவற்றைத் தற்காலிகமாக டெபியன் 11 கொள்கலன் (தனியே பிரித்துவைத்த சூழல்) ஒன்றுக்குள் ஓடவிடலாம். 2.7 மொழியை இன்றும் ஆதரிக்கும் பைபை (PyPy) என்ற மாற்று இயக்கியின் வழியும் உண்டு. எதைச் செய்தாலும், 'python' என்ற வெறும் கட்டளைப் பெயரைப் பழைய பதிப்புக்குச் சுட்டாதீர்கள். எது எந்தப் பதிப்பை அழைக்கிறது என்பதே பிறகு தெரியாமல் போய்விடும்.

மறுமொழி 3:
பெயர்ப்பட்டியல் தமிழில் இருக்குமானால், உண்மையான வேலை அங்கேதான். யூடிஎஃப்-8 கோப்பிலிருந்து படித்த 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பதினைந்து என்னும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது; பைத்தான் 3 யூனிகோடு குறிப்புள்ளிகளை (த, ம, ி, ழ, ்) எண்ணி ஐந்து என்னும். பழைய நிரலாளர்கள் பலர் இதைச் சமாளிக்க நீளத்தை மூன்றால் வகுத்துவிடுவார்கள். அந்த வரி பைத்தான் 3இல் இருமுறை கெடும்: வகுக்கவே தேவையில்லாத எண் வகுபடுகிறது, '/' குறி இப்போது பின்ன எண்ணைத் தருவதால், அதைக் கொண்டு சரத்தை வெட்ட முயலும்போது நிரல் நின்றுவிடுகிறது. டூ-டு-த்ரீ போன்ற மாற்றிகள் அச்சிடும் கட்டளையைத் திருத்தித் தரும். ஆனால் எது பைட்டு, எது உரை என்பதை அவை அறியமாட்டா.

வரிசைப்படுத்துவதிலும் கவனம் தேவை. பெயரில்லாத பதிவு 'None' (எதுவுமில்லை) மதிப்பாக இருந்தால், பைத்தான் 2 அதை முதலில் வைத்துவிட்டு அமைதியாகத் தொடரும். பைத்தான் 3 ஒப்பிட மறுத்துப் பிழை காட்டும். ஒளிந்திருந்த தவறு வெளிப்படுவதால் இதை நான் வரவேற்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தேடிப் பார்த்ததில், மூன்றால் வகுக்கும் வரி ஏழு நிரல்களில் இருக்கிறது. அவை ஏன் என்று இத்தனை நாள் எனக்கு விளங்கவில்லை. முதலில் 2.7 தரும் அறிக்கைகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, அந்த ஏழையும் மாற்றி, இரு வெளியீடுகளையும் வரிக்கு வரி ஒப்பிடப்போகிறேன். மற்றவை அதுவரை கொள்கலனில் இருக்கும். வழங்கியில் எஞ்சிய 2.7 பொதிகளை மேம்படுத்திய அன்றே அகற்றிவிடுவேன்.