விளாங்குடி யார் கணக்கில்? ஆற்றங்கரைக்காரர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அனுபவம் சொல்லுங்கள்

ரிட்டயர்டு டீச்சர்
திரும்பவும் கணக்கெடுப்பு வரப்போகிறது என்றதும் எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். 2011 பிப்ரவரி, மதுரையை ஒட்டிய விளாங்குடி, வைகை ஆற்றை ஒட்டிய தெரு. கணக்கெடுக்கப் போயிருந்தேன். 29 கேள்விப் படிவம் தெரியும்தானே, அதில் பிறந்த ஊர் கேட்டேன். "வைகை டேமுக்குள்ள" என்றார். டேம் பக்கத்திலா என்றேன். "பக்கத்துல இல்ல தாயி, உள்ள. தண்ணிக்கு அடியில." 1959-ல் அணை திறந்தபோது மூழ்கிப்போன ஊர்களில் ஒன்று. சரி, மாவட்டம்? "மதுர ஜில்லா." 1996-லேயே தேனி பிரிந்துவிட்டது, இப்போதைய மாவட்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "மதுர ஜில்லாவுல பொறந்து மதுர ஜில்லாவுலயே கெழவனாயிட்டேன். என்னைய அசலூருக்காரன்னு எழுதப் போறியா?"

தேனி என்றுதான் எழுதினேன். அட்டவணையில் அவர் வேறு மாவட்டத்திலிருந்து குடிபெயர்ந்தவர். அதே ஆற்றங்கரையில் கொஞ்சம் கிழக்கே தள்ளி வந்திருந்தார், அவ்வளவுதான்.

கூடல்நகர் ஸ்டேஷன்
டீச்சர், உங்கள் பெரியவராவது மாவட்டம் மாறினார். விளாங்குடிக்காரர்கள் நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே மாறினோம். நான் பெண் பார்க்கப் போன வீடு செல்லூர். தரகர் "மாப்பிள்ளை மதுரை" என்று சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் தாத்தா தெருப் பெயர் கேட்டார், சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்திமா காலேஜ் தாண்டுனா மதுரை இல்லையேப்பா" என்றார். அந்த இடம் அமையவில்லை, அது வேறு விஷயம்.

இங்கே அடிக்கடி ஒருவர் மதுரை மக்கள்தொகை 10,17,865 என்று போடுகிறார். அது 2011-ல் எண்ணிய பழைய 72 வார்டு கணக்கு. எங்களை எண்ணியபோது நாங்கள் தனிப் பேரூராட்சி. எண்ணி முடித்து, அதே வருஷம் விளாங்குடி, ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாவற்றையும் மதுரை மாநகராட்சியோடு சேர்த்து 100 வார்டு ஆக்கினார்கள். புறநகரையும் சேர்த்த எண் வேண்டுமென்றால் நகரத் தொகுப்புக் கணக்கைப் பாருங்கள், 14.65 லட்சம். இனிமேல் யாராவது பத்து லட்சம் என்றால் சண்டைக்கு வருவேன்.

செல்லூர் மீனா
தாத்தா சொன்னதில் தப்பில்லை. பாத்திமா காலேஜ் தாண்டினால் எங்களுக்கு அது பரவை போகிற வழி. கோபப்படாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. 2024 அக்டோபர் 25 மழை. ஆற்றங்கரை வீடு, வெள்ளம் வந்தால் ஆற்றுப் பக்கமிருந்துதான் வரும் என்று எல்லாரும் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வைகை பாட்டுக்குக் கிடக்கிறது. தண்ணீர் எங்கள் முதுகுப் பக்கமிருந்து, வடக்கே கண்மாயிலிருந்து வந்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் ஏறிவிட்டது. மாமியார் கட்டில் மேல் நின்றுகொண்டு "ஆறு அங்கிட்டுல்ல இருக்கு!" என்று திட்டியது இன்னும் காதில் நிற்கிறது.

அதனால் விளாங்குடி, பரவை, சமயநல்லூர்ப் பக்கம் மனை தேடுகிறவர்களுக்கு (யாரும் கேட்கவில்லை, தெரியும்): ஆறு எவ்வளவு தூரம் என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். மேலே எந்தக் கண்மாய் இருக்கிறது, அது நிறைந்தால் மறுகால் (வழிந்து வெளியேறும் தண்ணீர்) எந்த வழியாகப் போகிறது, அதைக் கேளுங்கள். வடகரையில் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேல் கண்மாய் நிறைந்தால் கீழ்க் கண்மாய்க்கு, அங்கிருந்து வாய்க்கால் வழியே வைகைக்கு. நடுவில் வாய்க்காலை யாராவது சுருக்கியிருந்தால் உங்கள் வரவேற்பறைதான் கண்மாய். சர்வே எண் வாங்கிப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) பாருங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு பக்கத்தில் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பட்டா இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, பழைய வரைபடமும் கேளுங்கள். மனை பார்க்க ஆடியில் போகாதீர்கள், ஐப்பசியில் போங்கள். எதிர் வீட்டுச் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள்.

கூடல்நகர் ஸ்டேஷன்
அக்கா, கேட்டது மக்கள்தொகை. நீங்கள் வீட்டுமனை விளம்பரம் மாதிரி ஆரம்பித்துவிட்டீர்கள்.

செல்லூர் மீனா
தண்ணீர் வந்தால் மக்கள்தொகை தானாகக் குறையும் தம்பி.

பரவை மார்க்கெட்
டீச்சருக்கு நடந்ததுக்கு நேர் எதிர் எனக்கு. அதே 2011, கணக்கெடுக்கிறவருக்குத் துணையாகப் போயிருந்தேன். மாடி வீடு. சொந்தக்காரர் வாசலிலேயே மறித்து, "எல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார். உள்ளே மூன்று குக்கர் மாற்றி மாற்றி விசில் அடிக்கிறது. கணக்கெடுப்பில் ஒரே அடுப்படியில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். மாடியிலிருந்து இறங்கிய பொடியன் அவரைக் காட்டி, "இவரு ஹவுஸ் ஓனர் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். வாடகை தெரிந்தால் வரி ஏறும் என்று பயந்திருக்கிறார். 1948 கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது ரகசியம். வரிக்காரருக்குக் கொடுக்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. 2027 பிப்ரவரியில் வரும்போதாவது குடித்தனக்காரர்கள் தாங்களே வாசலுக்கு வந்து பதில் சொல்லுங்கள். ஓனரை நம்பி இருந்தால் மூன்று குடும்பம் ஒன்றாகிவிடும்.