சொத்து ஏற்றத்தாழ்வில் நாடுகளை ஒப்பிட எந்த ஜினி எண்ணை எடுப்பது?

நிலவரைவு:
நாடுகள் வாரியாக ஏழை, பணக்காரர் இடைவெளியைக் காட்ட ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். ஜினி எண்ணை (எல்லோரிடமும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1) வைத்து வரிசைப்படுத்தலாம் என்று பார்த்தால் எண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்தியாவுக்கு ஓரிடத்தில் 0.255, இன்னோரிடத்தில் 0.62. ஸ்வீடனுக்கு ஓரிடத்தில் 0.3-ஐ ஒட்டி, இன்னோரிடத்தில் 0.8-க்கு மேல். இரண்டுக்கும் சராசரி எடுத்துப் போடலாமா?

தராசுமுள்:
சராசரி வேண்டாம். அவை வெவ்வேறு பொருள்களின் அளவுகள். 0.255 என்பது 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து உலக வங்கி சொல்வது. அதாவது, மக்கள் செலவழித்ததில் உள்ள ஏற்றத்தாழ்வு. 0.62 என்பது உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் 2023-க்குத் தரும் வருமான மதிப்பீடு. நூறு மடங்கு சம்பாதிப்பவர் நூறு மடங்கு செலவழிப்பதில்லை, மிச்சத்தைச் சேர்த்துவைக்கிறார். வருமானம் போதாதவர் கடன் வாங்கியாவது செலவழிக்கிறார். அதனால் நுகர்வில் இடைவெளி பொதுவாகக் குறுகித் தெரியும்.

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் நுகர்வைக் கேட்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவிலும் பணக்கார நாடுகளிலும் வருமானத்தைக் கேட்கிறார்கள். உலக வங்கியின் பட்டியலில் இரண்டும் ஒரே நெடுவரிசையில் வரும். அதைப் பார்த்து பிரேசிலைவிட இந்தியா இத்தனை படி சமத்துவமானது என்று எழுதுவதுதான் மிகப் பரவலான பிழை. தென்னாப்பிரிக்காவின் 0.63 (2014) நுகர்வில் அளந்தது என்பதையும் கவனியுங்கள். செலவிலேயே இவ்வளவு பிளவு என்றால் வருமானத்திலும் சொத்திலும் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ஸ்வீடனில் 0.3 வருமானத்துக்கு, 0.8-க்கு மேல் என்பது நிகர சொத்துக்கு (சொத்திலிருந்து கடனைக் கழித்தது). முதுமைக்கு அரசு ஓய்வூதியம், படிப்பும் மருத்துவமும் பெரும்பாலும் பொதுப் பணத்தில் என்றால் நடுத்தரக் குடும்பம் பெரிய சேமிப்பு வைத்திருக்கும் தேவை குறைகிறது. அந்த ஓய்வூதிய உரிமை சொத்துக் கணக்கில் சேராது. ஆனால் வீட்டுக் கடனும் கல்விக் கடனும் கழிக்கப்படும். அதற்காக அங்கே சொத்துக் குவிப்பு வெறும் கணக்குத் தோற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2004 இறுதியில் வாரிசு வரியையும், 2007-ல் நிகர சொத்தின் மீதான ஆண்டு வரியையும் நீக்கிய நாடு அது. எதிர்ப்புறத்தில் ஸ்லோவாக்கியா: சொத்து ஜினி 0.5-ஐ ஒட்டி. பத்தில் ஒன்பது பேர் சொந்த வீட்டில் வாழ்வதே அதற்கு முக்கியக் காரணம்.

வரப்பு:
கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் நன்றாகப் பிடிபடும். ஐந்து பேரின் வருமானத்தை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 1, 2, 3, 4, 10. ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 80. அதை இரட்டித்து (160), ஆட்களின் எண்ணிக்கையும் மொத்த வருமானமும் பெருக்கிய தொகையால் (5 × 20 = 100) வகுத்தால் 1.6. அதிலிருந்து 6/5 (ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதே எண்ணிக்கையால் வகுத்தது), அதாவது 1.2-ஐக் கழித்தால் ஜினி 0.4.

இப்போது அதே ஐவரின் நிகர சொத்து: −4, 0, 0, 2, 22. மொத்தம் அதே 20. ஆனால் விடை 1.08! ஜினி 0-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும் என்பது எதிர்ம எண் இல்லாதபோது மட்டுமே பொருந்தும். சொத்தில் கடனாளிகள் இருப்பதால் சில அமைப்புகள் எதிர்ம மதிப்பைச் சுழியாக்கிவிடுகின்றன, சில அப்படியே விடுகின்றன. எது என்று தரவின் விளக்கக் குறிப்பில் பார்க்காமல் இரண்டு மூலங்களைக் கலக்காதீர்கள். கல்விக் கடனோடு நிற்கும் இளம் டேனிஷ் மருத்துவர், கடனே இல்லாத ஓர் ஏழை விவசாயியைவிட "ஏழை" ஆகிவிடுவதும் இதனால்தான்.

அலகும் மாறும். நால்வர் குடும்பத்துக்கு 40 வருமானம் என்றால், தலைக்கு 10 என்று உலக வங்கி வகுக்கும். ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பு) குடும்ப அளவின் வர்க்கமூலத்தால் வகுக்கும், 20 வரும். உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் வயதுவந்தோருக்கு மட்டும் சமமாகப் பிரிக்கும்.

கல்தூண்:
உச்சியில் இருப்பவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சில ஆயிரம் வீடுகளைக் கேட்கும் கணக்கெடுப்பில் பெருஞ்செல்வர் சிக்கும் வாய்ப்பே மிகச் சொற்பம். சிக்கினாலும் பதில் தர மறுப்பவர்கள் அதிகம். அமெரிக்க மத்திய வங்கி தன் கணக்கெடுப்பில் வரிப் பதிவுகளைக் கொண்டு பணக்காரர்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறது, அப்படியும் ஃபோர்ப்ஸ் இதழின் 400 பெரும் பணக்காரர் பட்டியலில் இருப்பவர்களை விட்டுவிடுகிறது. இத்தகைய கூடுதல் தேர்வு இல்லாத நாட்டின் சொத்து ஜினியைத் தரைமட்ட மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள், உண்மை அதற்கு மேலேதான் இருக்கும்.

அதனால் ஜினியோடு, யாரிடம் எத்தனை சதவீதம் என்ற பங்கையும் போடுங்கள். 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, உலக மக்களில் மேல் 10% பேரிடம் மொத்தச் சொத்தில் 76%, கீழ்ப் பாதியிடம் 2%. இதை ஜினி ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதே மறைந்துவிடுகிறது. அதை மறைக்கும் அட்டவணை ஏழைகளுக்கு அநியாயம் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நிலவரைவு:
மிக்க நன்றி. சொத்து ஒரு நெடுவரிசை, வரிக்குப் பிந்தைய வருமானம் ஒன்று, நுகர்வு தனி அட்டவணை என்று பிரிக்கிறேன். எல்லாவற்றையும் டாலருக்கு மாற்றும்போது எந்த விகிதம்?

தராசுமுள்:
ஒரு நாட்டுக்குள் எடுக்கும் ஜினிக்கும் பங்குக்கும் மாற்றவே தேவையில்லை, எந்த நாணயமானாலும் விடை ஒன்றுதான். நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் கேள்வி வருகிறது. ஏழைகளின் வருமானத்துக்கும் நுகர்வுக்கும் வாங்கும் திறன் சமநிலை விகிதம் (நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டும் மாற்று விகிதம்), ஏனென்றால் அவர்கள் வாங்குவது உள்ளூர் விலையில். எல்லை கடந்து பங்குகளும் நிலமும் வாங்கக்கூடிய பெருஞ்செல்வத்துக்குச் சந்தை மாற்று விகிதமே பொருத்தம். யுபிஎஸ் என்ற சுவிஸ் வங்கியின் உலகச் சொத்து அறிக்கை சந்தை விகிதத்தில் இருக்கிறது, கல்தூண் சொன்ன 76% வாங்கும் திறனில் கணக்கிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கணக்கெடுப்பு நடந்த ஆண்டுக்கும் ஒரு நெடுவரிசை விடுங்கள். சில நாடுகளின் "புதிய" எண் பத்தாண்டு பழையது.